தம்பானூர் நிலையத்தில் ஒப்பாரி

நாஞ்சில் நாட்டு ஒப்பாரிகளை எழுதிச் சேர்க்க வந்தவன் நான். ஊர் திரும்பும் வண்டி தம்பானூர் ரயில் நிலையத்தில் நிற்கிறது. என் பெட்டி ஏறிவிட்டது. நாஞ்சில் நாட்டிலிருந்து இந்த நகரத்து ஆரியசாலைக் கடைத்தெருவில் குடியேறிய கடைக்காரரின் மனைவி, இதுவரை பாட மறுத்த நாகம்மாள், கணவரோடு நிலையத்துக்கே வந்திருக்கிறார்.

"சாவில்லாத வீட்ல வச்சுப் பாடப்படாது, கேட்டியளா. இங்கன்னா தோஷமில்ல."

பாடுகிறார். வண்டியைப் பார்த்துக்கொண்டே அவசரமாக எழுதுகிறேன்.

"ஆரா மரிச்சது?" என்று வழியில் போகும் ஒரு பெண் மலையாளத்தில் கேட்கிறாள்.

"ஆருமில்ல. இவருக்கு எழுதணுமாம்," என்கிறார் கணவர்.

அடுத்த அடியில் 'தம்பி' என்ற சொல் வருகிறது. நாகம்மாளின் குரல் உடைகிறது.

"இவ தம்பி போனப்போ பிரசவத்துல கெடந்தா. போய் அழ முடியல்ல," என்கிறார் கணவர் மெதுவாக.

கார்டு விசில் ஊதுகிறார். பாட்டை நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் பெட்டியோடு வண்டி நகர்கிறது. நாகம்மாள் அடுத்த அடியை எடுக்கிறார்.