பதினான்கு பல் ஸ்பிராக்கெட்

எங்கள் பைக்கில் முன்பக்கம், செயினை இழுக்கும் பல்சக்கரமாக, பதினைந்து பல் உள்ள ஸ்பிராக்கெட்டைப் போடச் சொன்னது நான்தான். கல்யாணமான புதிதில் என் கணவருக்கு வள்ளியூரில் வேலை. நாகர்கோவிலிலிருந்து தினமும் ஆரல்வாய்மொழி கணவாயைத் தாண்டிப் போய்வருவார். வண்டி வாங்கியபோது இருந்தது பதினான்கு பல். ஒன்றைக் கூட்டினால் இன்ஜின் அதிகம் சுற்றாமலே வண்டி வேகம் எடுக்கும், நீண்ட ரோட்டுக்கு நல்லது. காற்றாலைகளின் கியர்பாக்ஸைப் பராமரிக்கும் நிறுவனத்தில் எனக்கு வேலை. ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். அவர் தாளைப் பார்க்காமலே சரி என்றார்.

பிறகு அவருக்கு ஊருக்குள்ளேயே மாற்றல் வந்தது. காலையில் என்னைக் கோட்டாறிலிருந்து வடசேரி பஸ் ஸ்டாண்டில் கொண்டுவிட்டுத் தன் வேலைக்குப் போவார். செட்டிகுளம் நெரிசலில் இரண்டாவது கியரில் ஊர்ந்தால் வண்டி வெட்டி வெட்டிப் போகும். முதல் கியருக்கு இறக்கினால் கத்தும். கிளட்சைப் பிடித்துப் பிடித்து அவருக்குக் கை வலிக்கும்.

"ஒனக்க கணக்கு வள்ளியூர் ரோட்டுலதான் செல்லும் போலயே" என்பார்.

பதினான்கையே திரும்ப மாட்ட வேண்டும் என்று பல மாதம் பேசிக்கொண்டிருந்தோம். நான் எதையும் எழுதி வைப்பவள். கர்ப்பம் உறுதியான அன்று எழுதிய பட்டியலில் முதல் வரி மாத்திரைகள், இரண்டாவது ஸ்கேன், மூன்றாவது ஸ்பிராக்கெட். மாமியார் ஆட்டோவில் போகச் சொன்னார். தினம் ஆட்டோவா, பல்லை மாற்றிவிட்டால் வண்டி மெத்தென்று போகுமே என்றேன்.

ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு நானே போனேன். கடைக்காரர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"பதினஞ்ச கழத்திட்டு பதினாலா? எல்லாவனும் வேகம் கூட்டணும்னு வருவானுவ. நீ கொறைக்க வந்திருக்கியே மக்கா."

"ஆமா அண்ணாச்சி. பைய போனா போரும்."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து மாட்டுவதாக இருந்தோம். வெள்ளிக்கிழமை காலை செட்டிகுளத்தில் முன்னால் போன பஸ் சட்டென்று நின்றது. வண்டி இரண்டு தடவை பலமாக வெட்டியது. அவர் திரும்பி, "ஒண்ணும் இல்லியே?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். சனிக்கிழமை விடியும்போது ரத்தம் பட ஆரம்பித்தது. பதினோராவது வாரம்.

ஆண்களை உள்ளே விடாத வார்டு அது. அவர் வராந்தாவில் நின்றார். எல்லாம் முடிந்த பிறகு டாக்டரம்மா என் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "பைக்ல போனதால இல்லம்மா. ஆரம்பத்துலேருந்தே கரு சரியா அமையல. நீங்க என்ன செஞ்சிருந்தாலும் தங்கியிருக்காது."

வெளியே வந்ததும் அவர், "என்ன சொன்னாவ?" என்று கேட்டார். "முடிஞ்சிட்டு" என்று மட்டும் சொன்னேன். மீதி வாயில் வரவில்லை. பொருந்தாத பாகங்களைத் திருப்பி அனுப்பும்போது நான் சீட்டில் எழுதிக் கட்டும் வார்த்தை அது, சரியாக அமையவில்லை என்பது. அதை இதற்குச் சொல்ல என்னால் முடியவில்லை.

வீட்டில் மாமியார் எனக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு மகனிடம் மெதுவாகத்தான் சொன்னார்: "வயித்துப் பிள்ளக்காரிய பைக்குல ஏத்தாதன்னு அன்னைக்கே சொன்னேம்லா."

மறுநாள் அவர் பைக்கைச் சுவரோரம் நிறுத்தி உறையைப் போட்டு மூடினார். அதற்குப் பிறகு எனக்கு ஆட்டோ, அவருக்கு டவுன் பஸ். அவருக்குத் துக்கம், தானாகச் சரியாகும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை அவர் அலமாரியிலிருந்து அந்த ஸ்பிராக்கெட் பொட்டலத்தை எடுத்தார்.

"இத மாட்டிருவோம்."

"இனி எதுக்கு?"

"கெடக்கட்டும். மாட்டிருவோம். நீ வந்து பிரேக்க மட்டும் மிதி."

முன் ஸ்பிராக்கெட்டின் நட்டைக் கழற்றும்போது வண்டி நகராமல் இருக்க யாராவது பின் பிரேக்கை அழுத்திப் பிடிக்க வேண்டும். நான் ஏறி உட்கார்ந்து மிதித்தேன். அவர் கீழே குந்தியிருந்து மூடியைக் கழற்றினார். உள்ளே கறுத்த கிரீஸ் அப்பியிருந்தது. அதைத் துணியால் வழித்துக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்.

"அன்னைக்கு நான் முதல் கியருக்கு வந்திருக்கணும்."

"என்னைக்கு?"

"செட்டிகுளத்துல. கிளட்ச பிடிக்க மடி பிடிச்சு ரெண்டுலயே விட்டேன். அந்த வெட்டுலதான்…"

ஆறு வாரமாக அவர் சுமந்துகொண்டிருந்தது எது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. டாக்டரம்மா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். கால் பிரேக்கிலேயே இருந்தது.

"அன்னைக்கே சொன்னாவளா?"

"ஆமா."

"எனக்கிட்ட சொல்லல்லியே, ஏட்டி."

கோபமே இல்லாமல் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்டேன். அது காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. புது ஸ்பிராக்கெட் அவர் கையில் இருந்தது.

"அப்போ இத முன்னயே மாட்டியிருந்தாலும்…"

"ஆமா."

நிம்மதியாவார் என்று நினைத்திருந்தேன். ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவில்கூட அவர் முகம் அப்படி இருந்ததில்லை. அதுவரை, இப்படிச் செய்திருந்தால் பிள்ளை இருந்திருக்கும் என்று சொல்லிக்கொள்ள அவருக்கு ஒரு காரியமாவது இருந்தது. அதுவும் இல்லாமல் போனது.

ஸ்பானரை நட்டில் மாட்டி, "பிரேக்க விட்டுராத" என்றார். நட்டு இளகியது. ஒரு பல் குறைந்ததால் செயின் தொய்ந்தது. பின் சக்கரத்தைச் சற்றுப் பின்னால் இழுத்து முறுக்கினோம். செயினை மேலும் கீழும் ஆட்டி அளவு பார்த்தேன். சரியாக இருந்தது.

ஓட்டிப் பார்க்க வேண்டுமே. என்னையும் ஏறச் சொன்னார். கோட்டாறு கடைவீதியைத் தாண்டிச் செட்டிகுளம் வந்தபோது நல்ல நெரிசல். ஒரு டவுன் பஸ்ஸுக்குப் பின்னால், நடக்கிற வேகத்தில், இரண்டாவது கியரிலேயே போனோம். கிளட்சைத் தொடவில்லை. வண்டி ஒரு தடவைகூட வெட்டவில்லை.

"ஒனக்க கணக்கு சரிதான்" என்றார், திரும்பாமல்.

அவர் முதுகு குலுங்குவது எனக்குத் தெரிந்தது. சட்டையைப் பிடித்துக்கொண்டேன். பின்னால் ஹாரன் அடித்தார்கள். "பைய போங்க" என்றேன்.

வடசேரி வரைக்கும் போனோம். பஸ் ஸ்டாண்டு வாசலில், முன்பு தினமும் என்னை இறக்கிவிட்ட இடத்தில், பழக்கத்தில் வண்டியை நிறுத்திவிட்டார். அன்று எனக்கு லீவு. நான் இறங்கவில்லை. அவரும் திருப்பவில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.