ஜெயசீலி படிப்பித்த கடைசிச் சொல்

செய்தி வந்தபோது நான் ஒரு சிறுமியின் விரலைப் பிடித்து மணி கோர்க்கவைத்துக் கொண்டிருந்தேன். எங்கள் மையத்தில் வகுப்பு நேரத்தில் யாரும் கைபேசியைத் தொடக் கூடாது என்பது நான் போட்ட சட்டம். மீறினால் வாயில் வந்ததையெல்லாம் சொல்லிவிடுவேன் என்று எல்லோருக்கும் தெரியும். பத்து நாளாக நானே அதை மடியில் வைத்துக்கொண்டுதான் வகுப்பெடுத்தேன். மெர்லின் பெயர் திரையில் வந்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது.

“டீச்சரே, அக்கா போயிட்டா” என்றார் மெர்லின். நான் எதுவும் கேட்பதற்கு முன்பே, “பிள்ளைக்கு காலத்த புட்டு குடுத்தாச்சு. தின்னுட்டா” என்றும் சொன்னார். உயிர் போன நேரத்திலும் பிள்ளை காலையில் சாப்பிட்டதா என்பதைச் சொல்லிவிட வேண்டும். அந்த வீட்டின் பழக்கம் அது. பழக்கியவர் ஜெயசீலி.

அவரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். குளச்சலுக்கு மேற்கே ஒரு கடற்கரை ஊர்க்காரர். கணவர் சேவியருக்கு வளைகுடாவில் மீன்பிடிப் படகில் வேலை. மெர்லின் ஜெயசீலியின் தங்கை, பக்கத்து வீடு. ஒரே மகள் ஆன்சி. ஆன்சிக்கு ஆட்டிசம். நான் நாகர்கோவிலில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கான சிறிய பயிற்சி மையம் ஒன்றில் ஆசிரியை. எனக்கும் ஜெயசீலிக்கும் ஏறத்தாழ ஒரே வயது. பதினொரு வருடம் பழகியும் அவர் என்னை ‘டீச்சரே’ என்றுதான் கூப்பிட்டார். நான் வாயால் ‘ஜெயசீலி’ என்பேன். மனதில் எப்போதும் ‘அவர்’தான்.

2007இல் முதன்முதலாக வந்தார். இடுப்பில் மூன்று வயது ஆன்சி. பேச்சு இல்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை, நம் கண்ணைப் பார்ப்பதில்லை.

“சுனாமி வந்தப்போ இவ கைப்பிள்ளை. அலைக்க சத்தத்துல பயந்து வாய் அடைச்சுப் போச்சுன்னு எல்லாரும் சொல்லுதாங்க டீச்சரே” என்றார்.

அந்தப் பயத்தைப் போக்கத்தான் அதுவரை கயிறு கட்டியதும் மந்திரித்த எண்ணெய் தேய்த்ததும். எனக்கு அப்போது முப்பது வயது. எல்லாம் தெரியும் என்கிற திமிர் கொஞ்சம் உண்டு. “அலைக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. இது பயம் இல்ல, பிறவியிலேயே உள்ளது” என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். அழப்போகிறார் என்று தண்ணீர்ச் செம்பைக்கூட எடுத்து வைத்தேன். அவர் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, “அப்போ அலையக் குத்தம் சொல்லாண்டாம். சரி. இனி என்ன செய்யணும்?” என்றார்.

அன்றிலிருந்து வாரத்தில் மூன்று நாள், இரண்டு பேருந்து மாறி வந்தார். பேருந்தில் ஹாரன் அடித்தால் ஆன்சி காதைப் பொத்திக்கொண்டு அலறுவாள். “பிள்ளைய அடக்கத் தெரியாதா?” என்று ஒருமுறை ஒருவர் கேட்டிருக்கிறார். “இவ பேசதுக்குத்தான் ரெண்டு பஸ் மாறிப் போறோம். நீரு பேச்ச நிறுத்ததுக்கு எந்த பஸ்ஸுல ஏறணும்?” என்று இவர் திருப்பிக் கேட்டாராம். அதை என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஆனால் அவர் கையில் ஆன்சியின் பல் பதிந்த தடம் இருந்தது. அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மையத்தில் ஊஞ்சலில் ஆட்டினால் பிள்ளை அடங்குகிறாள் என்று கண்டதும், மறுநாளே பழைய வலையை நாலாய் மடித்து வீட்டு உத்தரத்தில் ஊஞ்சல் கட்டிவிட்டார். விரலுக்குப் பயிற்சி வேண்டும் என்றேன். வலையில் கட்டுகிற மிதவைகளைக் கயிற்றில் கோர்க்கவைத்தார். நான் ஒன்று சொன்னால் அவர் மூன்று செய்துகொண்டு வருவார். சில நாள் எனக்கே எரிச்சலாக இருக்கும்.

இனி சாப்பாட்டு விஷயம். ஆன்சிக்கு ஓயாத வயிற்றுக் கோளாறு. பரிசோதித்த மருத்துவர் கோதுமையும் பாலும் இவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, நிறுத்துங்கள் என்றார். சாப்பாட்டை மாற்றினால் ஆட்டிசம் போய்விடும் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை, அவரிடமும் சொல்லவில்லை. “வயிறு அடங்கினா பிள்ளை இருந்து படிக்கும். அவ்வளவுதான்” என்றேன். “அது போதும். அவ இருந்தா போதும், மீதிய நாம பாத்துக்கிடலாம்” என்றார்.

பிஸ்கட், ரொட்டி, பரோட்டா எல்லாம் வீட்டை விட்டு வெளியேறின. புட்டு, மரச்சீனிக் கிழங்கு, சாளை மீன், தேங்காய்ப்பால் என்று ஆயிற்று. தானும் பால் சாயாவை நிறுத்தினார். எதற்கு என்று கேட்டேன். “அவளுக்க முன்னால வச்சு நான் குடிச்சா அது கொடுமை இல்லியா?” என்றார். சாகும்வரை கட்டன் சாயாதான்.

சாப்பிடுவதையும் நடந்துகொள்வதையும் ஒரு நோட்டில் எழுதச் சொல்லியிருந்தேன். சில வாரத்தில் நல்ல மாற்றம். ஆனால் புதன்கிழமை மட்டும் ஆகாது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் புரண்டு அலறுவாள். வியாழன் கொஞ்சம் தேறும், அடுத்த புதன் மறுபடி. நோட்டைப் புரட்டினேன். செவ்வாய்க்கிழமையும் அதே புட்டு, அதே மீன். யாரோ உறவுக்காரர் ஒளித்துக் கொடுக்கிறார்கள் என்று முடிவு கட்டி, முகம் தெரியாத அந்த உறவுக்காரரைப் பல வாரம் திட்டித் தீர்த்தேன். ஒருநாள் பொறுக்க முடியாமல், “செவ்வாய்க்கிழமை உங்க ஊர்ல என்னதான் நடக்குது?” என்று கத்தினேன்.

எதற்கும் உடனே பதில் வைத்திருக்கிற மனுஷி அன்று நோட்டை மூடி என் பக்கம் தள்ளினார். பிறகு மெதுவாக, “அது நேர்ச்சை டீச்சரே” என்றார்.

நான் உள்நாட்டுக்காரி, புராட்டஸ்டண்ட் சபையில் வளர்ந்தவள். கடற்கரைக் கத்தோலிக்க ஊர்களில் செவ்வாய் புனித அந்தோணியாருக்கு உரிய நாள் என்பது எனக்குத் தெரியாது. பிள்ளை பேச வேண்டும் என்று ஜெயசீலி பதிமூன்று செவ்வாய் வேண்டுதல் நேர்ந்திருக்கிறார். ஒவ்வொரு செவ்வாயும் கோயிலில் மந்திரித்துக் கொடுக்கிற ரொட்டியில் ஒரு துண்டைத் தன் கையாலேயே பிள்ளையின் வாயில் வைத்திருக்கிறார்.

“அத ஏன் நோட்டுல எழுதல?”

“அது சாப்பாடு இல்லியே டீச்சரே. நேர்ச்சைய ஆராவது நோட்டுல எழுதுவாங்களா?”

தலையில் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது எனக்கு. அவரோ உடைந்துபோய்விட்டார். “புனிதப்பட்டது என்ன செய்யும்னு நெனச்சேன். எனக்க கையால நானே குடுத்தேனே!” என்று அன்றுதான் முதன்முதலாக அழுதார். ஒன்பது செவ்வாய் முடிந்திருந்தது, மீதி நான்கு. நடுவில் நிறுத்தினால் பிள்ளைக்கு ஆகாது என்ற பயம், நிறுத்தாவிட்டால் வயிற்றுவலி.

நேராகப் பங்குச் சாமியாரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். அவர் கேட்டுவிட்டு, “அந்தோணியாருக்குப் பசிச்சவனுக்குக் குடுக்கணும், அவ்வளவுதான். கோதுமைதான் வேணும்னு அடம்பிடிக்க மாட்டாரு. நீ புட்டு அவிச்சுக் கொண்டு வா, நான் மந்திரிச்சுத் தாறேன்” என்றாராம். மீதி நான்கு செவ்வாயும் ஒரு பெரிய பாத்திரம் நிறையப் புட்டு அவித்துக் கோயில் வாசலில் எல்லோருக்கும் கொடுத்தார். முதல் புட்டுச் செவ்வாய்க்கு அடுத்த நாள் நோட்டில், “புதன். அழுகை இல்ல” என்று அவர் கையால் எழுதியிருந்தது. அந்த நோட்டை இன்றும் வைத்திருக்கிறேன்.

பதிமூன்றும் முடிந்தது. ஆன்சி பேசவில்லை. எப்படிக் கேட்பது என்று தயங்கிக்கொண்டே கேட்டேன். “பதிமூணு முடிஞ்சா பதினாலு வரும் இல்லியா” என்று சொல்லிவிட்டு, அன்றைய பயிற்சிக்குப் பாயை விரித்தார்.

ஐந்தரை வயதில் ஆன்சி பேசினாள். பொரித்த சாளையைக் காட்டி, “தா.” அவ்வளவுதான். அன்று ஜெயசீலி இரண்டு பேருந்து மாறி வந்து, வகுப்பு இல்லாத நாளில் என் கையில் ஒரு பொதி பொரித்த சாளையைக் கொடுத்துவிட்டுப் போனார். பிறகு சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஆன்சி கதை பேசுகிற பெண்ணாக ஆகவில்லை. ஆனால் தானே குளித்து, தானே தலை பின்னி, தன் தட்டைக் கழுவி வைக்கிற பெண்ணாக ஆனாள். இது சும்மா வந்ததில்லை; ஒவ்வொன்றுக்கும் மாதக்கணக்கில் உழைப்பு.

சென்ற ஆண்டு ஒருநாள் அவர் தனியாக வந்தார். கையிலிருந்த காகிதங்கள் மருத்துவமனையினுடையவை. மார்பில் கட்டி, மற்ற இடத்துக்கும் பரவிவிட்டது.

“ஒரு வருஷம்னு சொல்லுதாரு டாக்டர். கூடினா ஒண்ணரை.”

நான் அழ ஆரம்பித்தேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “அழுகைய பொறவு வச்சுக்கிடலாம் டீச்சரே, இப்போ நேரம் இல்ல. இவளுக்கு ‘தா’ தெரியும். ‘வேண்டாம்’ தெரியாது. ஆரு என்ன குடுத்தாலும் வாங்கித் தின்னுவா. இத்தற வருஷம் இவளுக்க ‘வேண்டாம்’ நானாக்கும். நான் போனா ஆரு சொல்லுவா?”

எனக்குச் சுருக்கென்றது. நிறம், எண், பொத்தான் மாட்டுவது எல்லாம் கற்றுக்கொடுத்த நான் இதைக் கற்றுக்கொடுக்கவில்லை. சொன்னதைக் கேட்கிற பிள்ளையைத்தான் ‘நல்ல முன்னேற்றம்’ என்று எழுதிவந்தேன். ஆன்சி வயதுக்கு வந்துவிட்ட பெண். இந்தச் சொல் ரொட்டிக்கு மட்டும் வேண்டியதில்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அதை நாங்கள் வாய்விட்டுப் பேசவில்லை.

தெருவையே ஜெயசீலி வகுப்பாக்கினார். ஒவ்வொருவராகப் பன்னோ பிஸ்கட்டோ கொண்டுவந்து நீட்ட வேண்டும். ஆன்சி உள்ளங்கையை உயர்த்தி ‘வேண்டாம்’ என்று சொல்ல வேண்டும். சொன்ன உடனே கொண்டுவந்தவர் கையை எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். கெஞ்சக் கூடாது, கொஞ்சக் கூடாது. ஊர்க்காரர்களுக்கு இதுதான் பெரும்பாடு. ஒருமுறை வேண்டாம் என்றால் மூன்று முறை ஊட்டுகிற ஊர் அது. “இத்திரி தின்னு மக்கா” என்று யாராவது இழுத்தால், வைத்தியத்தில் முடி கொட்டிய தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் இருக்கிற ஜெயசீலி, “ஏட்டி, வேண்டாம்னா வேண்டாம்தான்! கைய எடு!” என்று அதட்டுவார். மீன் ஏலக்காரர் ஒருவர் ஒரே பன்னை மூன்று நாள் கொண்டுவந்து, மூன்று நாளும் விரட்டப்பட்டு, கடைசியில் வாசலில் நின்று தானே தின்றுவிட்டுப் போனார்.

நான்கு மாதத்தில் ஆன்சி வேற்றாளிடம் சொன்னாள். ஆறு மாதத்தில் தெருக்காரர்களிடமும் சொன்னாள். மூன்று பேரிடம் மட்டும் சொல்லவில்லை. அம்மா, மெர்லின் சித்தி, நான். எங்கள் கையில் எது இருந்தாலும் வாயைத் திறந்தாள். ஒருநாள் ஜெயசீலியே பிஸ்கட்டை நீட்டினார். ஆன்சி அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வாங்கித் தின்றாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“அவ நம்மள நம்புதா டீச்சரே. அதுலதான் எனக்க மனசு கெடந்து வெப்ராளப்படுது” என்றார்.

கடைசியாக நான் அவரைப் பார்த்தது இறப்பதற்கு இரண்டு வாரம் முன்பு. எழும்ப முடியவில்லை. “நடக்காது, இல்லியா?” என்று கேட்டார். பதினொரு வருடத்தில் அவரிடம் ஒரு பொய்கூடச் சொல்லாத நான், “நடக்கும்” என்றேன். அவர் கண்டுபிடித்துவிட்டார். “பொய் சொல்லாதீங்க. படிப்பியுங்க” என்றார். என்னிடம் அவர் பேசிய கடைசி வார்த்தைகள் இவை.

நேற்று ஏழாம் நாள். பூசை முடிந்து வீட்டில் எல்லோருக்கும் ரொட்டியும் பழமும் காப்பியும் கொடுத்தார்கள். சேவியர் வாசலில் நின்று வந்தவர்களின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஆன்சி வலை ஊஞ்சலில் இருந்தாள். நான் தரையில் அவளருகே போய் உட்கார்ந்தேன். அழுது அழுது தலை கனத்துக் கிடந்தது. யாரோ என் கையில் தட்டை வைத்தார்கள். தாயில்லாத பிள்ளை பக்கத்தில் இருக்க நாம் மட்டும் எப்படித் தின்பது? ரொட்டியைப் பிய்த்து, “இந்தா மக்கா, தின்னு” என்று அவள் வாயருகே கொண்டுபோனேன். சத்தியமாகச் சொல்கிறேன், அது சோதனை இல்லை. நான் மறந்துவிட்டேன். நான்! எதிர்ப்பக்கம் காப்பித் தட்டோடு நின்ற மெர்லின் “டீச்சரே” என்று பதறியது கேட்டபோதுதான் எனக்கே உறைத்தது.

அதற்குள் ஆன்சி ரொட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். உள்ளங்கை உயர்ந்து என் மணிக்கட்டில் வந்து முட்டியது.

“வேண்டாம்.”

சொன்ன உடனே கையை எடுக்க வேண்டும் என்பது ஜெயசீலியின் சட்டம். எடுத்துவிட்டேன். ஆன்சி ஊஞ்சலை விட்டு இறங்கி அடுக்களைக்குப் போனாள். தன் தட்டில் தானே புட்டை எடுத்து வைத்துக்கொண்டு திரும்பி வந்து, என்னை ஒட்டித் தரையில் உட்கார்ந்து தின்ன ஆரம்பித்தாள்.

ஜெயசீலி, உங்களிடம் பொய் சொல்லி அனுப்பிவிட்டோமே என்று மூன்று வாரமாக நான் உருகிக்கொண்டிருந்தேன். அது பொய் இல்லையாம். உங்கள் மகள் என் கையையே தள்ளிவிட்டாள். இனி நிம்மதியாக உறங்குங்கள்.