வசனத்துக்கு மேலே இரண்டு விரல் இடம்

தவமணி அக்கா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். இடைவேளை மணி அடித்த பிறகுதான் போனை எடுத்துப் பார்த்தேன். நம் சபையின் வாட்ஸ்அப் குழுவில் அக்காவின் பழைய பாஸ்போர்ட் படம் ஒன்று. அதற்குக் கீழே கும்பிட்ட கைகளும் மெழுகுவத்திகளும் ரோஜாப்பூக்களும் வந்து விழுந்துகொண்டே இருந்தன. சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதியவர் ஒருவரும் இல்லை. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

சபையின் மாத இதழுக்கு அக்காவைப் பற்றி ஆறுதலாக ஒரு பக்கம் எழுதித் தரும்படி என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஆறுதல் சொல்ல வந்தவர்களால் அக்கா பட்டது போதும். நான் நடந்ததை எழுதுகிறேன். போடுவதும் போடாமல் விடுவதும் உங்கள் பாடு.

புதிதாகச் சபைக்கு வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். அக்கா அறந்தாங்கியில் தாலுகா ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் சீக்கிரமே இறந்துவிட்டார். ஒரே மகன் ஸ்டீபன். கட்டுமாவடி தொடங்கித் திருவரங்குளம் பக்கம் வரை சிதறிக் கிடக்கும் நம் கிராமச் சபைகளுக்கு வாராவாரம் போன வேதபாடத்தைப் பல வருடங்களாக அக்காவும் நானும்தான் தயாரித்தோம். சனிக்கிழமை மத்தியானம் அக்கா வீட்டில் உட்காருவோம். நான் எழுதுவேன். எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது என்று அக்கா சொல்வார். பெரும்பாலும் எழுதக் கூடாததைத்தான் சொல்வார்.

வேலையெல்லாம் ஒரு சின்ன லேப்டாப்பில். ஸ்டீபன் பிளஸ் டூ படித்தபோது அரசாங்கம் கொடுத்தது. அதில் வேத ஆராய்ச்சிக்கான இலவச மென்பொருள் ஒன்றை ஸ்டீபன்தான் ஏற்றிக் கொடுத்திருந்தான். அதைத் திறந்தால் மேலே இரண்டு வரிசைப் பொத்தான்கள், இடது பக்கம் புத்தகப் பட்டியல், வலது பக்கம் அகராதி, அதற்குக் கீழே விளக்கவுரை, ஒரு மூலையில் வரைபடம், இன்னொரு மூலையில் குறிப்பு எழுத ஒரு பெட்டி. நடுவில் மூன்று வசனம் தெரிகிற அளவுக்கு வேதம் ஒண்டிக்கொண்டிருக்கும். முதல் நாள் அக்கா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்தவங்கல்லாம் நாற்காலியப் பிடிச்சுக்கிட்டா வீட்டுக்காரரு எங்கிட்டு உக்காருவாரு?" என்றார்.

ஒவ்வொன்றாக எழுப்பி அனுப்பினார். பொத்தான் வரிசைகளை மறைத்தார். திரையின் அடியில் இருக்கும் பட்டை, அம்புக்குறியை அங்கே கொண்டுபோனால் மட்டும் எட்டிப் பார்க்கும்படி செய்தார். அகராதிக்கும் விளக்கவுரைகளுக்கும் தனித்தனி இடம் கொடுக்காமல் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினார். வேண்டியதன் பெயரைத் தொட்டால் அது முன்னால் வரும், மற்றவை பின்னால் நிற்கும். வசனத்துக்கு ஒரு வரி என்று துண்டு துண்டாகக் காட்டியதை மாற்றிப் பத்தியாக ஓடவிட்டார். கடைசியில் அந்தச் சின்னத் திரையில் ஏறக்குறைய ஒரு முழு அதிகாரம் தெரிந்தது. எழுத்து சிறியதுதான். அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படிப்பார்.

தமிழையும் ஆங்கிலத்தையும் நான் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தேன். யூடியூபில் சொல்லிக் கொடுக்கிறவர்கள் அப்படித்தான் வைக்கிறார்கள். அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. "அது இங்கிலீசுக்குச் சரி தாயி. நம்ம வார்த்தை நீளம். ஒல்லியாப் பிரிச்சா வரிக்கு ரெண்டு வார்த்தைதான் நிக்கும், மிச்சமெல்லாம் ஒடஞ்சு ஒடஞ்சு விழும். மேல ஒன்னு, கீழ ஒன்னு வையி." அப்படியே வைத்தோம். ஒன்றை நகர்த்தினால் மற்றதும் கூடவே நகரும்படி இரண்டையும் பிணைத்தோம். அதற்குப் பிறகு எத்தனையோ பேர் பெரிய திரையில் வேதம் காட்டிப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு வசதியாக ஒருவரும் காட்டவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் அக்கா விட்டுக்கொடுக்கவே மாட்டார். தேடிய வசனத்தை அந்த மென்பொருள் பெட்டியின் மேல் விளிம்பில் கொண்டுவந்து நிறுத்தும். அதற்கு முன்னால் இருப்பது எதுவும் தெரியாது. அக்கா உடனே அதைக் கீழே இறக்குவார். இரண்டு விரலைப் படுக்கவைத்துத் திரையில் அளப்பார். வசனத்துக்கு மேலே அந்த அளவுக்காவது எழுத்து தெரிந்தால்தான் பேச்சையே தொடங்குவார்.

"தேடுனது கெடைச்சிருச்சுன்னு நின்னுறாத. மேல யாரு பேசுறா, யாருகிட்டப் பேசுறான்னு பாரு. எல்லாத்தையும் ஆண்டவரா பேசுறாரு?"

"பெரிய ஸ்கிரீனா ஒன்னு வாங்கலாமே அக்கா" என்று ஒரு முறை கேட்டேன். "பெருசு வந்தா வெளிய போன குப்பையெல்லாம் திரும்பி வந்து உக்காந்துக்கும்" என்று சிரித்தார். மகனுடைய லேப்டாப் என்பதால்தான் விட மனமில்லை என்று எனக்குத் தெரியும். அவன் அப்போது வளைகுடாவில் எலக்ட்ரீசியனாக வேலை பார்த்துக்கொண்டிருந்தான்.

ஸ்டீபன் அங்கே செத்துப்போனான். வேலைக்குப் போகும் வழியில் கம்பெனி வேன் கவிழ்ந்தது. திருச்சி விமான நிலையத்திலிருந்து பெட்டியில் வந்தான். அந்த வாரம் முழுவதும் நான் அக்காவுடன் இருந்தேன். அதனால் துக்கம் கேட்க யார் யார் வந்தீர்கள், என்ன பேசினீர்கள் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஜெபக்குழுவிலிருந்து வந்த ஒருவர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அறிக்கை செய்யாத பாவம் ஏதாச்சும் வீட்டுல இருக்கான்னு யோசிச்சுப் பாருங்கக்கா" என்றார். இன்னொருவர், "தம்பி அங்கன ஞாயித்துக்கிழமை ஆராதனைக்கு ஒழுங்காப் போனாரா?" என்று கேட்டார். அக்கா அவர்களுக்குக் காப்பி கொடுக்கச் சொன்னார்.

அவர்கள் போன பிறகு, "எம்பிள்ளையப் பத்தி ஒரு நல்ல வார்த்தை அவங்க வாயில வரல பாத்தியா" என்று மட்டும் சொன்னார்.

நம் சபையில் ஒவ்வொரு புத்தாண்டுக்கும் ஒரு வசனத்தை அந்த வருடத்து வாக்குத்தத்தம் என்று தேர்ந்தெடுக்கிறோம். கடவுள் நமக்கென்று கொடுத்த உறுதிமொழி என்று சொல்லிக் காலண்டரில் அச்சடித்து வீட்டுக்கு வீடு கொடுக்கிறோம். ஸ்டீபன் போன மறு வருடத்துக்குச் செயலாளர் ஒரு வசனம் எடுத்தார். யாரோ போனில் அனுப்பிய பூப்படத்தில் இருந்தது. தொடக்கம் சிறியதாக இருந்தாலும் முடிவு நிறைவாக இருக்கும் என்று பொருள் வரும் வசனம். உங்களில் பல பேருக்கு மனப்பாடம். கடை திறப்பு விழாக்களிலும் கல்யாண அழைப்பிதழ்களிலும் பார்த்திருப்பீர்கள்.

அதைச் சொல்வது கடவுள் இல்லை. பிள்ளைகள் எல்லாரையும் ஒரே நாளில் பறிகொடுத்துவிட்டுச் சாம்பலில் உட்கார்ந்திருக்கும் ஒரு தகப்பனைப் பார்க்க வந்த நண்பன் சொல்வது. மூன்று வசனம் மேலே அந்த நண்பன் வேறொன்றும் சொல்கிறான். உன் பிள்ளைகள் கடவுளுக்கு விரோதமாக நடந்தார்கள், அதற்குத்தான் செத்தார்கள் என்கிறான். இனியாவது நீ ஒழுங்காக இருந்தால் எல்லாம் நல்லபடி முடியும் என்பதுதான் அவன் பேச்சு. நாம் அதன் வாலை மட்டும் வெட்டியெடுத்து வாக்குத்தத்தம் என்று பெயர் வைத்துவிட்டோம்.

அக்கா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கமிட்டிக் கூட்டத்துக்குப் போனார். நானும் போனேன். மேசையில் வைத்துத் திறந்து, அந்த அதிகாரத்தைக் காட்டி, "மேல இருந்து ஒருக்கா வாசிச்சுப் பாருங்க, போதும்" என்றார்.

செயலாளர் குனிந்து பார்த்தார். "இம்புட்டுச் சின்ன எழுத்து யாருக்குக்கா தெரியும்? கொஞ்சம் பெருசு பண்ணுங்க."

அக்கா பெரிதாக்கினார். "இன்னுங் கொஞ்சம்" என்றார் அவர். அக்கா இன்னும் பெரிதாக்கினார். எழுத்து பெரிதாகப் பெரிதாக மேலே இருந்ததெல்லாம் திரைக்கு வெளியே போனது. கடைசியில் அந்த ஒரு வசனம் மட்டும் திரை நிறைய நின்றது.

"ஆங், இப்பத் தெரியுது. நல்ல வசனந்தானக்கா, இதுல என்ன இருக்கு?" என்றார் செயலாளர்.

மேலே ஏற்றிக் காட்ட அக்கா கையைக் கொண்டுபோவதற்குள், காலண்டர் அச்சுக்குப் போய்விட்டது என்று போதகர் சொல்லிவிட்டார். இனிப் பேசி என்ன ஆகப்போகிறது என்றார். மேலே உள்ளதை வாசிக்கிறேன் என்று நான் எழுந்தேன். "டீச்சர், நீங்க கமிட்டி மெம்பர் இல்லீங்களே" என்று உட்காரவைத்தார்கள். ஸ்டீபனின் அம்மா அந்த மேசை முன்னால் நின்றுகொண்டிருந்தார். அவரைப் பார்த்தும் ஒருவருக்கும் அந்த மூன்று வசனத்தைப் படித்துப் பார்க்கத் தோன்றவில்லை.

காலண்டர் எல்லா வீட்டிலும் தொங்கியது. கட்டுமாவடியில், கடலுக்குப் போன ஆள் திரும்பாத வீட்டிலும் தொங்கியது. அக்காவுக்கு அந்த வீடுகளின் நினைப்புதான். "அங்கனயாச்சும் இந்த அதிகாரத்தப் பாடமா அனுப்புவோம். இது யாரு பேச்சுன்னு அவங்களுக்குத் தெரியணும்" என்றார். அந்த ஒரு பாடத்துக்கு அக்கா எடுத்துக்கொண்ட சிரத்தை வேறு எதற்கும் எடுத்ததில்லை. லேப்டாப் திரையின் கீழ்ப்பகுதி அதற்குள் கறுத்துப்போயிருந்தது. பெட்டிகளையெல்லாம் மேலே ஒதுக்கி, ஆங்கிலத்தை மூடி, தமிழை மட்டும் வைத்துக்கொண்டு வேலை செய்தார். அந்தப் புத்தகத்தின் கடைசியில் கடவுளே அந்த நண்பனையும் அவன்கூட வந்தவர்களையும் பார்த்து, நீங்கள் பேசியது சரியில்லை என்று கடிந்துகொள்ளும் இடத்தோடு பாடத்தை முடித்தோம். செயலாளரிடம் கொடுத்தோம். பாடம் போகவில்லை.

அடுத்த மாதம் ஆராதனையில் அக்காவை முன்னால் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினீர்கள். வயதாகிவிட்டது, உடம்பைப் பார்த்துக்கொள்ளட்டும் என்றீர்கள். கையும் தட்டினீர்கள். அதோடு வேதபாடம் நின்றது. அதற்குப் பதிலாகத் தினம் ஒரு வசனம், சூரியன் உதிக்கிற படத்தோடு, உங்கள் போனுக்கு வர ஆரம்பித்தது. அக்கா அந்தப் பொன்னாடையைப் பிரிக்கக்கூட இல்லை. பீரோவின் மேல் அப்படியே கிடந்தது. ஒரு வியாழக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. லேப்டாப்பை அக்காவின் அண்ணன் வீட்டார் பழைய சாமான்களோடு போட்டுவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது.

போன ஞாயிறு சபையில் நினைவுக் கூட்டம் வைத்தீர்கள். புதிதாக வாங்கிய பெரிய டிவியில் அக்காவின் படம். அதன் கீழே, வேறு வசனமே கிடைக்காத மாதிரி, அதே வசனம். வாசிக்க என்னைக் கூப்பிட்டார் செயலாளர். "டீச்சர், திரையில இருக்கறத வாசிச்சாப் போதும். அக்காவுக்கு ரொம்பப் புடிச்ச வசனம்" என்றார். அவர் வேண்டுமென்றே பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே மறந்துவிட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நான் திரையைப் பார்க்கவில்லை. வேதத்தைத் திறந்து அந்த அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து வாசித்தேன். உன் பிள்ளைகள் செய்த பாவம் என்ற இடம் வந்தபோது நிறுத்தி, அதை இன்னொரு முறை வாசித்தேன். செயலாளர் தொண்டையைச் செருமினார். ஜெபக்குழுக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். திரையில் இருந்த வசனம் வந்ததும் முடித்துவிட்டுப் போய் உட்கார்ந்தேன். எந்த விளக்கமும் சொல்லவில்லை.

கூட்டம் முடிந்து டீ கொடுக்கும்போது கட்டுமாவடியிலிருந்து வந்திருந்த ஒரு பெண் என்னிடம் வந்தார். புருசன் கடலுக்குப் போய்த் திரும்பாதவர்.

"டீச்சர், நீங்க வாசிச்சது ஆண்டவரு சொன்னதுங்களா?"

"இல்லங்க. பிள்ளைகளப் பறிகொடுத்தவரப் பாக்க வந்த ஒரு ஆளு சொன்னது. அவன் பேசினது தப்புன்னு ஆண்டவரே பின்னால சொல்லியிருக்காரு."

அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"எங்க வீட்டுக்கும் அப்படி வந்து சொன்னாங்க. எம் பாவத்துக்குத்தான் அவரு போயிட்டாருன்னு. நா இம்புட்டு நாளும் அத ஆண்டவரு சொன்னதுன்னே நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

சபையாரே, அக்காவிடமிருந்து என்ன எடுத்துக்கொண்டாய் என்று கேட்டால், எனக்குக் கிடைத்தது ஒரு கோபம்தான். அதை ஆறவிடாமல் வைத்துக்கொள்ளப் போகிறேன். அந்தப் பெண் என்னைக் கட்டுமாவடிக்கு வந்து, அங்கே இருக்கிறவர்களுக்கும் முதலிலிருந்து வாசித்துக் காட்டச் சொல்லியிருக்கிறார். இந்தச் சனிக்கிழமை போகிறேன். கமிட்டியிடம் கேட்கவில்லை.