மாமன்மார் கேட்ட கோட்டுப்பூ

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் மரியாதை என்று ஒன்று உண்டு. கொடுத்தாலும் வம்பு, கொடுக்காவிட்டாலும் வம்பு. மாலையோடும் துண்டோடும் முடிகிற அந்த வம்பு என் பூக்கள்வரை வரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. இலங்கை மலையகத்தில், கொட்டகலை பஜாரில் கல்யாணப் பூச்செண்டு கட்டுவது என் தொழில்.

ஒருநாள் பூச்செண்டு சொல்ல வந்த மணப்பெண் கொழும்பில் துணிக்கடையில் வேலை செய்தவள். "சேலை மாப்பிள்ளை வீட்டுல எடுத்தாங்க, மண்டபம் அப்பா பாத்தாரு. பொக்கே மட்டும் நான் சொல்றபடி இருக்கட்டும்க்கா" என்றாள். வெளிர் ஆரஞ்சு ரோஜா. அதே ரோஜாவில் மாப்பிள்ளையின் கோட்டுக்கு ஒன்று, மாப்பிள்ளைத் தோழனுக்கு ஒன்று. நுவரெலியாவிலிருந்து பூ வரவழைத்து, சொந்தத் தங்கைக்குப் போலக் கட்டினேன்.

மண்டபத்தில் தோழனின் கோட்டில் பூவைக் குத்தியதுதான் தாமதம், மாப்பிள்ளையின் தாய்மாமன் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

"நேத்து வந்த கூட்டாளிக்குப் பூ, தாய்மாமனுக்கு இல்லையா? நான் எந்திரிக்க மாட்டேன்!"

அவர் மாப்பிள்ளையின் நெற்றியில் பட்டம் கட்டாமல் தாலி ஏறாது. நல்ல நேரமோ போய்க்கொண்டிருந்தது. பெண்ணின் அப்பா என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். வேறு வழியில்லாமல் பூச்செண்டிலிருந்து ஒரு ரோஜாவை உருவி மாமனின் ஸ்வெட்டரில் குத்தினேன். அவர் எழுந்தார். பெண்ணின் தாய்மாமன் உட்கார்ந்தார். அவருக்கும் ஒன்று. பிறகு தேயிலைத் தோட்டத்துச் சங்கத் தலைவர், சித்தப்பாமார். சட்டையே போடாத பூசாரிக்கு இடுப்புத் துண்டில் குத்தினேன். மைக் பிடித்திருந்தவர் தன் பெயரைத் தானே அறிவித்துக்கொண்டு வந்து நின்றார்.

பெண்ணை அழைத்து வந்தபோது என் கையில் ரிப்பன் கட்டிய இலைக்கட்டுதான் மிச்சம். ஆட்டுக்குப் போடலாம். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவள் அதைப் பார்த்தாள். எல்லார் நெஞ்சையும் பார்த்தாள். பட்டுச்சேலையோடு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எல்லாருக்கும் மரியாதை செஞ்சாச்சு. எனக்கு? பூ வராம நானும் எந்திரிக்க மாட்டேன்."

மாமன்மார் இருவரும் கூரையைப் பார்த்தார்கள். தலைவர் தன் பூவைக் கையால் மூடிக்கொண்டார். அவர்களை இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மாப்பிள்ளைதான் மணவறையிலிருந்து இறங்கி வந்து, தன் கோட்டுப்பூவைக் கழற்றி நீட்டினார். அதை இலைகளுக்கு நடுவே செருகிக்கொண்டு அவள் எழுந்தாள்.

கல்யாணப் போட்டோவில் நிற்கிற ஆண்கள் அத்தனை பேரும் பூ வைத்திருக்கிறார்கள். மாப்பிள்ளையின் கோட்டில் மட்டும் வெறும் குண்டூசி.