துப்பாக்கி அவருடையது, கேள்வி இவருடையது

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை காலை. வடாம் காய்ந்துவிட்டதா பார் என்று மனைவி விரட்டியதால் மொட்டை மாடிக்குப் போனேன். மூன்றாவது மாடி சுகந்தி, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு துப்பாக்கியை ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருந்தார்.

நீங்கள் தவறாகப் படிக்கவில்லை. துப்பாக்கிதான். ரம்பம்தான்.

பதறவேண்டாம் — ஏர் கன். மெரினாவில் பலூன் சுடுகிறோமே, அந்த வகை. காற்றின் அழுத்தத்தில் மிளகு சைஸுக்கு ஓர் ஈயக்குண்டு பறக்கும். பத்து மீட்டர் தள்ளி அட்டையில் அச்சடித்திருக்கும் கறுப்பு வட்டத்தின் நடுவில் அது துளை போடவேண்டும். இதற்கென்று கிளப், பயிற்சி, போட்டி, மெடல் எல்லாம் உண்டு. சுகந்தி அறுத்துக்கொண்டிருந்தது குழலை அல்ல. தோளில் வைத்து அழுத்திக்கொள்வதற்காகப் பின்னால் இருக்கும் மரக்கட்டையை.

"என்னம்மா இது? சாரோட துப்பாக்கியைப் போய் அறுக்கறீங்க?"

அவர் ரம்பத்தை நிறுத்தாமலேயே சொன்னார். "சாரோடதா? யார் சொன்னா? இது என்னோடது. சுடறது நான். அவர் நெட்ல கேட்டுண்டு இருக்கார், அவ்வளவுதான்."

எனக்கு ரம்பத்தைவிட இதுதான் அதிர்ச்சி.

ஏனென்றால் இந்தத் துப்பாக்கியைப் பற்றி இரண்டு மாதமாக என் வீட்டில் பேச்சு நடக்கிறது. பேசியவர் சுகந்தியின் கணவர் பட்டாபிராமன். கிண்டியில் ஒரு பம்பு கம்பெனியில் பர்ச்சேஸ் மேனேஜர். நாலு இடத்தில் விசாரிக்காமல் எதையும் வாங்கமாட்டார் — தேங்காயைக்கூட. எங்கள் மயிலாப்பூர் ஃப்ளாட்ஸில் இன்டர்நெட் கனெக்‌ஷன் இருப்பது என் வீட்டில் மட்டும்தான். இந்தப் பத்தியை ஈ-மெயிலில் அனுப்புங்கள் என்று பத்திரிகை ஆசிரியர் படுத்தியதால் வாங்கியது. பிப்ரவரியில் ஒரு நாள் பட்டாபி வந்து, "சார், ஒரு பத்து நிமிஷம் நெட் பார்த்துக்கட்டுமா?" என்றார். அந்தப் பத்து நிமிஷம் ஏப்ரல் வரை நீண்டது. நெட்டும் போனும் ஒரே லைன் என்பதால், என் போன் எப்போதும் எங்கேஜ்டாகவே இருக்கிறது என்று மைத்துனன் சண்டைக்கு வந்தது தனிக்கதை.

உலகம் முழுவதும் உள்ள ஏர் கன் பைத்தியங்கள் கூடிப் பேசுகிற குரூப் ஒன்று இன்டர்நெட்டில் இருக்கிறது. கேள்வியை எழுதிப் போட்டால் யார் வேண்டுமானாலும் பதில் போடலாம். பட்டாபி தன் முதல் கேள்வியைப் போட்டார்: "என் துப்பாக்கியில் நான் சுடும் குண்டுகள் வட்டத்துக்கு வலது பக்கம், கீழே போகின்றன. என்ன செய்யலாம்?"

என் துப்பாக்கி. நான் சுடும் குண்டுகள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நானும் நம்பினேன். ஏன் நம்பமாட்டேன்? ஆள் பேசிய பேச்சு அப்படி.

மறுநாள் பதில்கள் கொட்டிக் கிடந்தன. அடடா, உலகத்தில் எத்தனை நல்லவர்கள் என்று பட்டாபி நெகிழ்ந்தார். நான் படித்துப் பார்த்தேன். ஒருவர், நானாக இருந்தால் இந்தத் துப்பாக்கியையே வாங்கியிருக்கமாட்டேன் என்று எழுதியிருந்தார். ரொம்ப உபகாரம். இன்னொருவர், இதே கேள்வியை இதற்குமுன் பலர் கேட்டாகிவிட்டது, பழைய கடிதங்களைத் தேடிப் படிக்காமல் இங்கே வந்து கழுத்தை அறுக்காதே என்று எரிந்து விழுந்திருந்தார். அவரே அதை இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தார் — பதிலை எழுதியிருந்தால் இரண்டு வரிதான் ஆகியிருக்கும். கனடாக்காரர் ஒருவர், குளிரில் உள்ளே எண்ணெய் உறைந்துவிடும், ஜாக்கிரதை என்றார். மார்ச் மாத மயிலாப்பூரில் உறைவதற்கு என்ன இருக்கிறது? வேறு இருவர் ஸ்பிரிங் ஜெர்மனியில் செய்தால் நல்லதா, இங்கிலாந்தில் செய்தால் நல்லதா என்று ஆரம்பித்து, மூன்றாவது நாள் ஒருவர் படிப்பை ஒருவர் சந்தேகித்து, ஐந்தாவது நாள் குடும்பத்தை இழுத்தார்கள். பட்டாபி என்று ஒரு மனிதர் நடுவில் நிற்பதே இருவருக்கும் மறந்துபோயிற்று.

இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. பனகல் பார்க் வாசலில் நின்று வடபழனிக்கு வழி கேட்டுப் பாருங்கள். எனக்குத் தெரியாது என்று சொல்ல ஓர் ஆள் கிடைப்பாரா? நாலு பேர் நாலு திசையில் கை காட்டுவார்கள். ஐந்தாவது ஆள், "வடபழனிக்கு இன்னாத்துக்கு போற நைனா? அங்க இன்னா கீது?" என்பார். இன்டர்நெட் என்பதும் அதே பனகல் பார்க்தான்... கொஞ்சம் பெரிது, போன் பில் அதிகம்.

ஆனால் நியாயமாகச் சொல்லவேண்டும். அந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு மனிதர் இருந்தார். ஃபின்லாந்துக்காரர். பல வருடம் துப்பாக்கி சுடக் கற்றுக்கொடுத்தவராம். அவர் ஆலோசனை எதுவும் சொல்லவில்லை. கேள்வி கேட்டார். உங்கள் உயரம் என்ன? கை நீளம் என்ன? எந்தத் தோளில் வைத்துச் சுடுகிறீர்கள்? எந்தக் கண்ணால் குறி பார்க்கிறீர்கள்?

இத்தனை பேரில் இதைக் கேட்கவேண்டும் என்று தோன்றியது ஒருவருக்குத்தான்.

பட்டாபி என்ன செய்தார் தெரியுமா? வீட்டிலிருந்து தையல் டேப்பை எடுத்துவந்து, ஒரு முனையை என் கையில் கொடுத்து, தன் கையை நீட்டிக் காட்டி அளக்கச் சொன்னார். உயரம் ஐந்தடி பத்தங்குலம். வலது தோள். வலது கண். எழுதிப் போட்டாயிற்று. ஃபின்லாந்துக்காரர் பொறுப்பாகக் கணக்குப் போட்டுப் பதில் அனுப்பினார்: பின்கட்டையை இரண்டு அங்குலம் நீட்டவேண்டும், கன்னம் சாய்ந்துகொள்ள இடது பக்கத்தில் ஒரு மேடு வைக்கவேண்டும். படம்கூட வரைந்திருந்தார்.

பட்டாபி அதை பிரின்ட் எடுத்துக்கொண்டு ராயப்பேட்டைக்குப் போனார். அங்கே ஒரு மர ஆசாரி படத்தில் இருந்தபடியே செய்துகொடுத்தார். பசையும் போட்டு, திருகும் முடுக்கி, "கெட்டியா கீது சார். இனிமே யாராலயும் பிரிக்க முடியாது" என்று உத்தரவாதமும் கொடுத்தார்.

பிரிக்க முடியாததால்தான் சனிக்கிழமை ரம்பம்.

சுகந்தி ஐந்தடி ஒரு அங்குலம். அவருக்கு இடது கண்தான் தெளிவு, அதனால் இடது தோளில் வைத்துச் சுடுகிறவர். சாப்பிடுவது, எழுதுவது எல்லாம் வலது கையால். சுடுவது மட்டும் இடது பக்கம். இரண்டு அங்குலம் நீண்ட கட்டையைத் தோளில் வைத்தால் கை முன்னால் எட்டவில்லை, கண் குறிக்கு எட்டவில்லை. கன்னத்துக்கான மேடு கன்னம் இல்லாத பக்கத்தில் துருத்திக்கொண்டு நிற்கிறது.

"முன்னாடியே பார்க்கலையா?" என்றேன்.

"மார்ச் பூரா பேங்க்ல வருஷக் கணக்கு முடிக்கற வேலை சார். ரேஞ்சுக்கே போகலை. நேத்திக்குத்தான் பெட்டியைத் திறந்தேன். சர்ப்ரைஸாம்!" ரம்பத்தை இன்னும் வேகமாக இழுத்தார். "நாளைக்கு செலக்‌ஷன்."

செலக்‌ஷன் என்றால் அவர் வேலை செய்யும் பேங்கின் துப்பாக்கிச் சுடும் டீமுக்கு. பெண்களில் இரண்டு பேரை எடுப்பார்கள். இது மெடலுக்கான ஆசை இல்லை. சுகந்திக்குப் பிரமோஷன் வந்திருக்கிறது, கூடவே ராய்ப்பூருக்கு மாற்றலும். மூன்று வருடம். கிண்டி வேலையை விட்டுப் பட்டாபி போகமுடியாது, எனவே தனியாக. டீமில் இருப்பவர்களை மட்டும் ஊர் மாற்றமாட்டார்கள். என்றைக்காவது இப்படி ஒரு மாற்றல் வரும் என்று தெரிந்து, முப்பத்தெட்டு வயதில் ஒரு பெண்மணி இரண்டு வருடமாக விடியற்காலையில் எழுந்து போய் வட்டத்தைச் சுட்டுக்கொண்டிருந்தது, தன் வீட்டிலேயே இருக்கலாம் என்பதற்காக.

இந்த நேரத்தில் பட்டாபி மாடிக்கு வந்தார். ரம்பத்தைப் பார்த்தார். முகம் போன போக்கு...

"சுகந்தி! ஃபின்லாந்துக்காரர் சொன்னது தப்பாவே இருக்காது. நீ நிக்கற விதம்தான் தப்பு."

சுகந்தி ரம்பத்தைக் கீழே வைத்தார். "ஏன்னா, நான் நிக்கறதை நீங்க எப்போ பார்த்தேள்?"

"தினம் நான்தானே கொண்டுவிடறேன்!"

"கேட்ல. கேட்ல விட்டுட்டு வெளியில டீக்கடை பெஞ்சுல உட்கார்ந்து பேப்பர் படிச்சிண்டு இருப்பேள். இந்த ரெண்டு வருஷத்துல ஒரு நாள், ஒரே ஒரு நாள், உள்ள வந்து பார்த்திருக்கேளா?"

பட்டாபி என்னைப் பார்த்தார். நான் வடாமைப் பார்த்தேன்.

பிறகு படி இறங்கும்போது கேட்டேன், நான் சுடுகிறேன் என்று ஏன் சார் எழுதினீர்கள் என்று. கொஞ்சம்கூடத் தயங்காமல் பதில் வந்தது. "ஆம்படையாளுக்குன்னு எழுதினா யாரும் சீரியஸா எடுத்துக்கமாட்டா சார்."

எனக்குக் கோபம் வந்தது. இப்போது எழுதும்போதும் வருகிறது. உலகத்தின் மறுகோடியில் இருக்கும் ஒரு முகம் தெரியாத மனிதர் சரியான கேள்வியைக் கேட்கிறார். பதில் சொல்லவேண்டியவர் மூன்றாவது மாடியில் துணி மடித்துக்கொண்டிருக்கிறார். நடுவில் நிற்கும் இந்த மனிதர் டேப்பைத் தன்மேல் வைத்து அளந்துகொள்கிறார்! மோசமான ஆலோசனைகள் எதையும் கெடுக்கவில்லை, பட்டாபி அவற்றை பைலில் போட்டு மூடிவிட்டார். கெடுத்தது நல்ல ஆலோசனைதான். துல்லியமான, அக்கறையான, படம் போட்ட ஆலோசனை — வேறு ஓர் உடம்புக்கு.

இந்த வியாதி பட்டாபிக்கு மட்டுமா? டாக்டரிடம் மனைவியை அழைத்துப்போய், எங்கே வலிக்கிறது என்று அவர் கேட்டவுடன் தாங்களே பதில் சொல்லும் கணவர்களை நான் அடையாறிலும் பார்த்திருக்கிறேன், தி.நகரிலும் பார்த்திருக்கிறேன். அந்த அம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். கேள்வி கேட்பது ஓர் அந்தஸ்து, பதில் சொல்வது அதைவிடப் பெரிய அந்தஸ்து. வலி மட்டும் கேட்பாரில்லாமல் மூலையில் கிடக்கும்.

ஞாயிற்றுக்கிழமை சுகந்தி சுட்டார். அறுத்த கட்டை கோணலாக இருந்தது. தோளில் உட்காராமல் நழுவியது. கிளப்பில் மற்றத் துப்பாக்கிகளை எல்லாம் வேறு பெண்கள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்படியும் மூன்றாவது இடம். எடுத்தது இரண்டு பேரை. அந்த வாரமே ராய்ப்பூர் ஆர்டர் கைக்கு வந்துவிட்டது.

இரண்டு நாள் கழித்துப் பட்டாபி வந்தார். கண் கலங்கியிருந்தது, பொய் சொல்லமாட்டேன். மனிதருக்கு மனைவிமேல் பிரியம் இல்லை என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. பாவம், மனசு கேட்காமல்தான் வந்திருக்கிறார் என்று கம்ப்யூட்டரைப் போட்டுக்கொடுத்தேன். குரூப்பில் எழுதினார்: "செலக்‌ஷனில் தோற்றுவிட்டேன்."

தோற்றுவிட்டேன்! இதையுமா?

இந்தத் தடவை குரூப்பில் யாரும் சண்டை போடவில்லை. மறுநாள் மாலை பட்டாபி பார்த்தபோது ஒரே ஆறுதல் மழை. மனம் தளராதே நண்பா. என் முதல் போட்டியில் நான் கடைசி. நீ ஒரு வீரன். பழைய கடிதங்களைப் படி என்று திட்டியவர்கூட உருகியிருந்தார். பட்டாபி ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்து மூக்கை உறிஞ்சினார். சாப்பிடக் கூப்பிட வந்த சுகந்தி எப்போது பின்னால் வந்து நின்றார் என்று இரண்டு பேருக்குமே தெரியாது. திரையில் இருந்ததை முழுவதும் படித்தார். அவசரப்படவில்லை.

"ஆறுதலும் உங்களுக்கேதான் வந்திருக்கா?" என்றார்.

அதற்கப்புறம் பட்டாபி மாடி ஏறிப் போய்விட்டார். சுகந்தி போகவில்லை. "சார், எனக்கும் ஒரு ஈ-மெயில் ஆரம்பிச்சுத் தரேளா?" என்றார். ஆரம்பித்துக் கொடுத்தேன். சுகந்தி என்ற பெயரில், பின்னால் கணவர் பெயர் எதுவும் ஒட்டாமல். அந்த வார இறுதியில் ஒரு சூட்கேஸ், ஒரு துப்பாக்கிப் பெட்டியோடு ரயில் ஏறினார். பட்டாபி இப்போது நெட் பார்க்க என் வீட்டுக்கு வருவதில்லை, கம்பெனியிலேயே கனெக்‌ஷன் வந்துவிட்டதாம்.

ராய்ப்பூரில் ஒரு பிரௌஸிங் சென்டரைக் கண்டுபிடித்துவிட்டார் போலிருக்கிறது. போன வாரம் அதே குரூப்பில் கேள்வி போட்டிருக்கிறார். நேர்த்தியான கேள்வி. நான் சென்னைக்காரி, ஐந்தடி ஒரு அங்குலம், இடது தோள், இடது கண், பின்கட்டை கோணலாக அறுபட்டுவிட்டது, சரிசெய்ய வழி உண்டா, அடுத்த வருடமும் போட்டி இருக்கிறது என்று யாரும் எதையும் திருப்பிக் கேட்கத் தேவையில்லாதபடி.

முதலில் வந்த பதிலை எனக்கு அனுப்பியிருந்தார். தன் பங்குக்கு ஒரு வார்த்தைகூடச் சேர்க்காமல்.

"சென்னையா? பிறகு என்ன கவலை, அம்மணி? இந்த மாதிரி விஷயத்தில் இப்போது எங்கள் எல்லோருக்கும் ஆலோசனை சொல்லிக்கொண்டிருக்கும் நிபுணர் உங்கள் ஊர்க்காரர்தான். பெயர் பட்டாபிராமன். எதுவாக இருந்தாலும் அவரையே கேளுங்கள்."