அடைமழையில் மரம் வெட்டிய சாட்சி

போன வாரம் வீட்டுக்குச் சாயம் பூச ஆட்கள் வந்தார்கள். அலமாரியை நகர்த்தியபோது அதன் பின்னாலிருந்து ஒரு பழைய பிஸ்கட் டின் விழுந்தது. திறந்தேன். ஒட்டுப்பால் வாடை. ரப்பர் மரத்தின் வெட்டில் காய்ந்துபோன பாலை உரித்துச் சாக்கில் கட்டி வைத்தால் வருமே, அந்த வாடை. "வெறும் தூசி லா, தூக்கிப் போடுங்க" என்றாள் மனைவி. தூசியாகவே இருக்கட்டும், எனக்கு அப்படித்தான் மணந்தது.

உள்ளே இருந்தவை வாசகர் கடிதங்கள். அந்தக் காலத்தில் மலாக்காவில் ஒரு கடைமாடியிலிருந்து வந்த மாத இதழுக்கு நான் ஆசிரியர். மர்மக் கதையும் விஞ்ஞானக் கதையும்தான் எங்கள் சரக்கு. செவ்வாய்க் கிரகத்தில் இறங்கியவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடக்கிற கதையெல்லாம் வரும், திருப்பி அனுப்பிவிடுவேன். கடைசிப் பக்கத்தில் விமர்சனமும் நானே எழுதினேன். என் பேனாவுக்குப் பயந்தவர்கள் ஜொகூர் வரை இருந்தார்கள் என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கொஞ்சமும் வெட்கமில்லை.

அப்படிப்பட்டவன் ஒரு தொடர்கதையில் வசமாக மாட்டிக்கொண்டேன். எழுதியவர் செல்லத்துரை ஐயா. யாழ்ப்பாண வழி வந்தவர், அலோர் காஜாவில் அரசாங்க ஆபீஸில் வேலை. கதை, ஒரு ரப்பர் தோட்டத்தில் நடக்கும் கொலை. 'விடியற்காலை அடைமழையில் மரம் வெட்டிக்கொண்டிருந்தேன், லாரி டிரைவர் ஓடுவதைப் பார்த்தேன்' என்று ஒரு தொழிலாளி சாட்சி சொல்கிறான். பால் எடுக்கப் பட்டையைக் கீறுவதைத்தான் தோட்டத்தில் மரம் வெட்டுவது என்பார்கள். டிரைவர்தான் கொலைகாரன் என்பது ஐயாவின் முடிவு. நானும் 'ஓட்டையே இல்லாத கதை' என்று விமர்சனப் பக்கத்தில் தம்பட்டம் அடித்து, கொலையாளி யாரென்று வாசகர்களை எழுதச் சொன்னேன்.

எழுதினார்கள். நியாலாஸ், சுங்கை ரம்பாய் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்த எல்லாக் கடிதத்திலும் ஒரே பதில்: சாட்சிதான் கொலைகாரன். முதல் கடிதம் நியாலாஸ் பக்கம் மரம் வெட்டும் அஞ்சலையுடையது.

"சார், மழையில எவனாச்சும் மரம் வெட்டுவானா? பட்ட நனைஞ்சா பால் கோட்டுல நிக்காது, மரமெல்லாம் வழிஞ்சிரும். மழ பேஞ்சா எங்களுக்கு வேலையே இல்ல, அன்னிக்குத்தான் ஒங்க புக்க படிப்போம். அவன் பொய் சொல்றான் சார். நல்லா நைசா ஒளிச்சி வச்சிருக்கீங்க."

ஒளித்து வைத்தோமாம்! ஐயாவும் நானும் ரப்பர் மரத்தை பஸ் சன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. பயந்துபோனேன். கடைசி அத்தியாயம் அச்சுக் கோத்து முடிந்திருந்தது. அதைப் போட்டால் தோட்டமே சிரிக்கும். சிரித்தவர்கள் அடுத்த மாதம் எங்களை நம்பி வாங்கமாட்டார்கள். அவர்களை விட்டால் எங்களுக்கு வேறு வாசகர்கள் ஏது? இதழை மூட வேண்டியதுதான்.

பஸ் ஏறி அலோர் காஜா போனேன். ஐயா கடிதத்தை இரண்டு முறை படித்தார். முகம் சிவந்துவிட்டது.

"நான் எழுதினது பிழையெண்டு சொல்லவோ வந்தனீர்?"

"பிழை நம்ம ரெண்டு பேரோடதும் ஐயா. ஆனா நம்ம முடிவைவிட அவங்க முடிவு நல்லா இருக்கு."

கடிதத்தை எடுத்து மூன்றாம் முறையும் படித்தார். பிறகு, "எனக்கு இது தோன்றேல்லையே" என்றார். "சரி, அந்தப் பேப்பரை எடும்."

அங்கேயே உட்கார்ந்து புது முடிவு எழுதிக் கொடுத்தார். தன் பெயருக்குப் பக்கத்தில் அஞ்சலையின் பெயரையும் போடச் சொன்னதும் அவர்தான். கோத்த எழுத்தையெல்லாம் பிரித்த அச்சுக்காரர் என்னை வாய்க்கு வந்தபடி திட்டினார். கதையில் சாட்சி பிடிபட்டான். விமர்சனப் பக்கத்தில் நானும் பிடிபட்டேன்: ஓட்டை இருந்தது, எனக்குத் தெரியவில்லை, அஞ்சலைக்குத் தெரிந்தது என்று அப்படியே எழுதினேன். "எங்க லயத்துல வீடு வீடா எல்லாருக்கும் படிச்சி காட்டுனேன் சார்" என்று பதில் வந்தது. எத்தனையோ கதைகளைத் திருத்தியிருக்கிறேன். ஆனால் என் பெருமை எது என்று யாராவது கேட்டால் அந்த ஓர் இதழைத்தான் எடுத்து நீட்டுவேன்.

இதழ் நின்றுபோயிற்று. ஐயா காலமாகிவிட்டார். அஞ்சலை இருந்த தோட்டத்தில் இப்போது ரப்பருக்குப் பதில் செம்பனை நிற்கிறது. லயம் இருந்த இடமே தெரியவில்லை. அஞ்சலை எந்த டவுனுக்குப் போனார் என்று விசாரித்தும் பார்த்துவிட்டேன், பலனில்லை. ஆனாலும் விடியலில் மழைச் சத்தம் கேட்டால் எனக்கு இன்னும் ஒரு சந்தோஷம் வந்துவிடுகிறது. இன்றைக்கு அவர்களுக்கு வேலை இல்லை, நம்மைப் படிப்பார்கள் என்று. மரமும் இல்லை, இதழும் இல்லை என்பது எழுந்து உட்கார்ந்த பிறகுதான் நினைவுக்கு வருகிறது.