ஒரு பக்கத்துக்கு ஒன்று

எங்கள் வீட்டுப் பசுமாட்டின் பேருக்கு ஒருமுறை பெங்களூரிலிருந்து தபால் வந்திருக்கிறது. சத்தியமாகத்தான் சொல்கிறேன். அப்பாவின் இனிஷியலைப் போட்டு, மாட்டின் பேரை எழுதி, தாடிக்கொம்பு, திண்டுக்கல் வழி என்று விலாசம் கொடுத்தது நான்தான். உள்ளே வழவழப்பான தாளில் முட்டைக்கோசும் காலிஃப்ளவரும் அச்சடித்த விதைக் கம்பெனி கேட்டலாக் இருந்தது. தபால்காரர் அதை அப்பாவிடம் நீட்டி, "யாருங்கய்யா இது, ஊருக்குப் புதுசா வந்திருக்காகளா?" என்று கேட்டார். அப்பா தொழுவத்தைக் காட்டினார்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். வாரப் பத்திரிகைகளின் கடைசிப் பக்கங்களில் தீப்பெட்டி அளவுக்கு விளம்பரங்கள் வரும். இலவச கேட்டலாக்குக்கு எழுதுங்கள் என்று அடியில் போட்டிருப்பார்கள். ஒருவன் இலவசம் என்று கூப்பிட்டுச் சொல்லும்போது எழுதாமல் இருக்க எனக்கென்ன பைத்தியமா? பதினைந்து பைசாக் கார்டு ஒன்று, இங்கிலீஷில் ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு டெல்லி, பம்பாய், கல்கத்தா என்று எல்லா ஊரிலிருந்தும் வரவழைத்தேன். ஒரு பேருக்கு ஒரு தடவைதான் அனுப்புவார்கள். அதனால் முதலில் என் பேர், அடுத்து அப்பா பேர், அப்புறம் அம்மா பேர். பேர் தீர்ந்துபோனதும் மாடு.

அக்கா பேருக்கு மட்டும் எழுதவில்லை. வயசுப் பிள்ளை பேருக்குத் தபால் வந்தால் தெருவில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று அம்மா முன்கூட்டியே என்னைக் கண்டித்து வைத்திருந்தாள். அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். பத்தாவது பாஸ் பண்ணிவிட்டு, எங்கள் மல்லிகைத் தோட்டத்தில் பூப்பறிக்க அம்மாவோடு போய்க்கொண்டிருந்தாள். அவளோடு படித்த ஒருத்தி தினமும் காலையில் டவுன் பஸ் ஏறி, திண்டுக்கல்லுக்கு டைப் கிளாஸுக்குப் போவாள். கையில் சுருட்டிய பேப்பர் இருக்கும். அந்த பஸ் திருப்பத்தில் மறைகிற வரைக்கும் அக்கா செடிக்குள் நிமிர்ந்து நிற்பாள். "பூ மலந்துரும்டீ, பறி" என்று அம்மா சத்தம் போட்ட பிறகுதான் குனிவாள்.

கேட்டலாக் வந்தால் எங்கள் இரண்டு பேருக்கும் தலைகால் புரியாது. பாயில் குப்புறப் படுத்துக்கொண்டு விளையாட ஆரம்பித்துவிடுவோம். விளையாட்டு இதுதான்: பக்கத்தைத் திருப்பியதும் யார் முதலில் விரலை வைக்கிறார்களோ அந்தச் சாமான் அவர்களுக்கு. ஒரு பக்கத்துக்கு ஒன்றுதான். தொட்டால் தொட்டதுதான், மாற்றக் கூடாது. இந்தச் சட்டம் போட்டது அக்கா. ஏனென்றால் நான் பத்து விரலையும் விரித்து வைக்கிற ஆள். இப்படியே எங்களுக்கு எத்தனையோ சுவர்க் கடிகாரம், இஸ்திரிப் பெட்டி, டார்ச் லைட், முக்காலி எல்லாம் சேர்ந்தன. ஒரு பக்கத்தில் பிடித்தது எதுவுமே இல்லாவிட்டாலும் எதையாவது தொட்டே தீரவேண்டும். அப்படித்தான் சவரம் செய்கிற மெஷின் ஒன்று எனக்கு வந்து சேர்ந்தது.

மாட்டுக்குத் தபால் வந்த அன்று அக்கா சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "மாட்டுக்குக்கூட லெட்டர் வருது. எனக்கு ஒண்ணு வரலயே." எனக்கு ஒருமாதிரி ஆகிவிட்டது. மறுநாளே யாருக்கும் தெரியாமல் டெல்லிக் கம்பெனி ஒன்றுக்கு அவள் பேரில் கார்டு போட்டேன். ஒரு மாதம், இரண்டு மாதம் ஆகியும் வரவில்லை. நானும் மறந்துபோனேன்.

அதற்குள் வீட்டில் அக்காவுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். இரண்டு இடம் ஜாதகத்தில் தட்டிப்போனது. மூன்றாவதாக ஒட்டன்சத்திரம் பக்கம் காய்கறி மண்டி வைத்திருக்கிற குடும்பம். "அவுக ஒண்ணும் கேக்கல. பொண்ணக் குடுத்தாப் போதும்ங்கிறாக" என்று தரகர் சொன்னதும் அம்மாவுக்கு வாயெல்லாம் பல். இதாவது அமையவேண்டும் என்று எங்கள் ஊர் சௌந்தரராஜப் பெருமாளுக்குக் காசு முடிந்துவைத்தாள். அக்காவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை அம்மாவின் அரக்குப் பட்டுப்புடவையைக் கட்டி அவளை உள்ளறையில் உட்கார வைத்தார்கள்.

காலை பதினோரு மணிக்கு அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, தாய்மாமா, கூடவே தரகர். அக்கா வந்து காப்பி கொடுத்து, கும்பிட்டுவிட்டு உள்ளே போனாள். மாப்பிள்ளையின் அம்மா, "புள்ள லட்சணமா இருக்குதுங்க" என்று சொல்லி வாயை மூடியிருக்கமாட்டார். வாசலில் சைக்கிள் மணி. தபால்காரர் அக்காவின் பேரை முழுசாக, கணீரென்று வாசித்து, "டெல்லியில இருந்து வந்திருக்கு" என்றார்.

அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. மாப்பிள்ளையின் தாய்மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, "டெல்லியில ஆருங்க இருக்காங்க?" என்று கேட்டார். "நாந்தான் எழுதுனேன்! அது கேட்டலாக்! நெசமாத்தான்!" என்று கத்தியேவிட்டேன்.

"பிரிச்சுப் பாத்தாப் போச்சுதுங்க" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

அப்பா கவரை ஓரமாகக் கிழித்தார். உள்ளே நான் அதுவரை பார்த்திராத தடிமனில், கலர் கலராக ஒரு கேட்டலாக். எல்லோருக்கும் போன உயிர் திரும்பிவந்தது. சிரித்தார்கள். தரகர்தான் ரொம்பச் சிரித்தார். மாப்பிள்ளையின் அம்மா புத்தகத்தைக் கையில் வாங்கி, மடியில் விரித்து வைத்துக்கொண்டார்.

"ஏனுங்க, இந்த ஃபேன் நல்லா இருக்குதுங்களே" என்று விரலை வைத்தார். அப்பா மரியாதைக்குத் தலையாட்டினார். அடுத்த பக்கத்தில் மிக்ஸி. "இது எப்படியும் புள்ளைக்கு வேணுமில்லீங்க." அப்பா அதற்கும் தலையாட்டினார். தாய்மாமா எட்டிப் பார்த்து ஒரு கைக்கடிகாரத்தைத் தொட்டு, "மாப்பிள்ளைக்கு இந்த மாதிரி ஒண்ணு" என்றார். அதுவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையும் மெதுவாகக் கையை நீட்டி, டூ இன் ஒன் ரேடியோ மேல் வைத்தார். தையல் மெஷின், பீரோ, டின்னர் செட் என்று விரல்கள் போய்க்கொண்டே இருந்தன. அப்பாவின் தலையாட்டல் குறைந்துகொண்டே வந்தது. சமையல் சாமான் பக்கம் வந்ததும் அந்த அம்மாள் நாலைந்து சாமான் மேல் விரலை ஓட்டினார். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஒரு பக்கத்துக்கு ஒண்ணுதான்!" என்றேன்.

அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளு இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் அதற்குள் உள்ளறைக் கதவு திறந்தது. அக்கா வந்தாள். பட்டுப்புடவை சரசரக்க நேராக அந்த அம்மாளின் முன்னால் போய் நின்று கையை நீட்டினாள்.

"அது எம் பேருக்கு வந்ததுங்க. குடுங்க."

குரலை உயர்த்தவில்லை. பக்கத்து வீட்டில் கொடுத்த அரிவாள்மணையைத் திருப்பிக் கேட்பதுபோலத்தான் கேட்டாள். அந்த அம்மாள் திகைத்துப்போய்க் கொடுத்துவிட்டார். அக்கா கீழே கிடந்த கவரையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். தட்டில் வைத்த கேசரி வைத்தபடி இருக்க, வந்தவர்கள் கிளம்பினார்கள். தரகர் செருப்பை மாட்டிக்கொண்டே, "நல்லாப் பொண்ணு வளத்தீக" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். "நல்ல எடம். கேவலம் ஒரு பொஸ்தகத்தால போச்சே. இனி எவன் வருவான் இவளுக்கு?" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அப்பா தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போய்விட்டார். என்னால்தான் எல்லாம் என்று நான் தொழுவத்தில் மாட்டின் பக்கத்தில் போய் ஒளிந்துகொண்டேன். எனக்கு அழுகையாக வந்தது. அக்காவின் கல்யாணத்தைப் பதினைந்து பைசாக் கார்டில் கெடுத்துவிட்டேனே என்றிருந்தது.

சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு அப்பா வந்து கால் கழுவினார். அடி விழப்போகிறது என்று நினைத்தேன். அவர் கூடத்தில் போய் உட்கார்ந்து, அக்காவைக் கூப்பிட்டார்.

"அந்தப் பொஸ்தகத்தக் கொண்டா தாயி."

அக்கா கொண்டுவந்தாள். நானும் தூணுக்குப் பின்னால் வந்து நின்றேன்.

"அம்புட்டுப் பேரும் ஆளுக்கொண்ணாத் தொட்டாக. நானும் கழுதயாட்டம் தலையாட்டிக்கிட்டு இருந்தேன்" என்றார் அப்பா. "இதுல ஒனக்கு என்ன வேணும், சொல்லு."

அக்கா முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகத் திருப்பினாள். ஒன்றையும் தொடவில்லை. கடைசி அட்டை வரைக்கும் வந்து, புத்தகத்தை மூடி ஓரமாக வைத்தாள். கிழிந்த கவரை எடுத்து அப்பாவின் முன்னால் வைத்தாள்.

"இது."

"கவரா?" என்றார் அப்பா.

"இந்த எழுத்துப்பா. டைப் அடிச்சிருக்காக பாருங்க. எனக்கு இது படிக்கணும். காலையில பூப்பறிச்சுப் போட்டுட்டு டவுன் பஸ்ஸுல போயிட்டு வந்துருவேன்."

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அப்பா கவரை விளக்குப் பக்கம் திருப்பினார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இதுல ஒம் பேரு எங்கன இருக்கு?" என்று கேட்டார்.

அக்கா அவருடைய விரலைப் பிடித்துத் தன் பேரின்மேல் வைத்தாள். மல்லிகைக் காம்புக் கறை ஏறிய விரல் அது. அப்பா அதை எடுக்கவில்லை.

நான் தூணுக்குப் பின்னாலிருந்து ஓடிவந்து கத்தினேன்: "அப்பா தொட்டுட்டாரு! இனி மாத்தக் கூடாது!"